குடிலுக்குப் போகும்போது ஊசியும் நூலும்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஸ்மோக்கி மலையடிவாரத்து கேட்லின்பர்க்கைச் சுற்றி மரக்குடில்கள் ஏராளம். இரண்டு நாள் நிம்மதியாக இருக்கத் தம்பதிகள் வருவார்கள். கட்டிலில் ஒரு 'குவில்ட்' கிடந்தால், கிட்டே போய்ப் பாருங்கள். மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மெஷின் தையல் என்றால் நூல் இடைவிடாமல் ஓடும். கைத்தையலில் ஒரு தையல், ஒரு இடைவெளி.

கை பழகியவர்கள் ஒரு அங்குலத்துக்கு எட்டு, பத்து தையல் போடுவார்கள். கட்டில் அளவுக்கு முடிக்க மாதங்கள் ஆகும். அதனால் குடிலுக்கு ஒரு சின்னச் சதுரம் போதும். கணவருக்கும் வேலை உண்டு. பத்து ஊசியில் நூல் கோத்து வைக்கட்டும், பேச்சுத் துணைக்கும் ஆச்சு!

1942-ல் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்தில் மிசோரி பெட்வே கணவரை இழந்த துயரத்தில் இருந்தார். வயலுக்குப் போட்டுப் போன அவருடைய உடுப்புகளை மிசோரி எடுத்தார். கால்சட்டைக் கால்கள், சட்டை ஓரங்கள் என்று எதையும் விடவில்லை. மகளைக் கூட வைத்துக்கொண்டு ஒரு குவில்ட் தைத்தார். அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள.

குடிலுக்கு வருகிறவர்கள் அவருடைய பழைய சட்டை இரண்டை எடுத்துவரலாம். சட்டைக்காரர் எதிரிலேயே உட்கார்ந்து ஊசி கோத்துக்கொண்டிருப்பார். எதைக் கத்தரிக்கலாம் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.