கொலைகாரன் என்று பெயர் வைத்தது யார்?



இந்த வாரம் மட்டும் ஒரே காணொளி நான்கு குழுக்களிலிருந்து எனக்கு வந்துவிட்டது. ஒரு பாய்மரப் படகு ஆடுகிறது. கறுப்பும் வெள்ளையுமாய் ஓர் உடம்பு அதன் அடியில் புகுந்து போகிறது. பின்னணியில் சினிமா இசை. "மனிதனைப் பழிவாங்கும் கொலைகாரத் திமிங்கிலங்கள்!" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. ஒரு குழுவில் அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். "பணக்காரன் படகுதானே சார், மூழ்கட்டும்" என்று எழுதியிருப்பவர் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த தம்பி. இன்னொரு குழுவில் நம் மாமா ஒருவர், "இதையெல்லாம் சுட்டுத் தள்ளாமல் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்?" என்று கேட்கிறார். இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள். இரண்டு பேரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. பதிவு நீளமாகத்தான் வரும். டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

நடந்தது என்ன என்று முதலில் பார்ப்போம். ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் நடுவில் இருப்பது ஜிப்ரால்டர் நீரிணை. வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்வேனே, அட்லாண்டிக் பெருங்கடல் மத்தியதரைக் கடலுக்குள் நுழையும் வாசல், அதுதான். மிகக் குறுகிய இடத்தில் அகலம் சுமார் 14 கிலோமீட்டர். 2020 மே மாதவாக்கில் அங்கே சில ஓர்க்காக்கள் பாய்மரப் படகுகளின் பின்பக்கம் வந்து சுக்கானை முட்ட ஆரம்பித்தன. அந்தக் கோடையிலேயே வடக்கே போர்ச்சுகல் கடற்கரை, ஸ்பெயினின் கலீசியா வரைக்கும் அது பரவியது. செப்டம்பரில் கலீசியாவின் ஒரு பகுதியில் 15 மீட்டருக்கு உட்பட்ட பாய்மரப் படகுகள் போகக்கூடாது என்று ஸ்பெயின் அரசு சில நாள் தடையே போட்டது. 2024 மே மாதத்துக்குள் இப்படிப் பதிவான சம்பவங்கள் சுமார் 700.

பெரும்பாலானவற்றில் சுக்கான் ஆட்டம் கண்டது, அல்லது உடைந்தது, அதோடு சரி. சில படகுகள் மூழ்கின. 2022-ல் போர்ச்சுகல் கடலில் இரண்டு. 2023 மே மாதம் பார்பாத்தே அருகில் ஒரு சுவிட்சர்லாந்துப் படகு. அதே ஆண்டு அக்டோபர் கடைசி நாளில் மொராக்கோ பக்கம் ஒரு போலந்துப் படகு. அதை முக்கால் மணி நேரம் விடாமல் முட்டியிருக்கின்றன. 2024 மே 12 அன்று 15 மீட்டர் நீளமுள்ள இன்னொரு படகு. அதிலிருந்த இரண்டு பேரை அந்த வழியாக வந்த ஓர் எண்ணெய்க் கப்பல் ஏற்றிக்கொண்டது.

இத்தனையிலும் ஓர்க்கா கடித்தோ அடித்தோ இறந்த மனிதர் ஒருவர்கூட இல்லை. இந்த ஒரு வரியை அந்தக் காணொளியில் தேடிப் பாருங்கள். கிடைக்காது.

இனி அந்தப் "பழிவாங்கல்" கதைக்கு வருகிறேன். இதற்கு ஓர் ஊற்றுக்கண் உண்டு. அங்குள்ள ஆய்வாளர்கள் இந்த விலங்குகளுக்குக் 'கிளாடிஸ்' என்று பொதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் 'வெள்ளை கிளாடிஸ்' என்று ஒரு பெண் ஓர்க்கா. அது எப்போதோ படகில் மோதியோ வலையில் சிக்கியோ அடிபட்டிருக்கலாம், அதன் பிறகு இப்படி நடக்க ஆரம்பித்திருக்கலாம் என்று ஓர் ஊகம் சொல்லப்பட்டது. பல ஊகங்களில் அது ஒன்று. 2023 மே மாதம் பத்திரிகைகள் அதை எடுத்துக்கொண்டன. எடுக்கும்போது "இருக்கலாம்" என்ற சொல்லை மட்டும் கழற்றி எறிந்துவிட்டன. பிள்ளைகளா, எத்தனை தடவை சொல்லியிருப்பேன், வினைமுற்றைப் பாருங்கள் என்று! "மோதியிருக்கலாம்" வேறு, "மோதியது" வேறு. அந்த ஒரு சொல் போனதும் ஊகம் செய்தியாகிவிட்டது. செய்தி வழக்கு ஆனது, வழக்கு புரட்சி ஆனது. "ஓர்க்காக்கள் முதலாளிகளுக்கு எதிராகக் கிளம்பிவிட்டன" என்று சட்டையில் அச்சடித்து விற்றார்கள். அதை விற்றவனும் முதலாளிதான், அது வேறு விஷயம்.

அந்த ஆகஸ்டிலேயே 30-க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு திறந்த மடல் வெளியிட்டார்கள். பழிவாங்கல், தாக்குதல் என்று கதை கட்டாதீர்கள், அது அந்த விலங்குகளுக்கே ஆபத்தாக முடியும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு சர்வதேசத் திமிங்கில ஆணையத்தின் கீழ் கூடிய நிபுணர்களும் இது பெரும்பாலும் விளையாட்டுப் போன்ற நடத்தை என்றே சொன்னார்கள். மடலுக்கு எத்தனை கைதட்டல் பொம்மை விழுந்தது என்று கேட்காதீர்கள்.

"விளையாட்டா? படகையே மூழ்கடிப்பது விளையாட்டா?" என்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஓர்க்கா வேட்டையாடினால் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். மேற்கு ஆஸ்திரேலியக் கடலில் கூட்டமாகச் சேர்ந்து நீலத் திமிங்கிலத்தையே கொன்றிருக்கின்றன. பூமியிலேயே பெரிய விலங்கு அது. தென்னாப்பிரிக்காவில் வெள்ளைச் சுறாவைப் பிடித்து ஈரலை மட்டும் உருவித் தின்றிருக்கின்றன. அப்படிப்பட்ட விலங்கு ஒன்று மனிதனைக் கொல்ல வேண்டும் என்று நினைத்தால், கண்ணாடியிழைப் படகின் பின்னால் முக்கால் மணி நேரம் சுக்கானை ஆட்டிக்கொண்டா இருக்கும்? ஆட்கள் மிதவைக்கு மாறியபோது அவை மிதவையைத் துரத்தவில்லை. சுக்கான் உடைந்து அசையாமல் போனதும் பல தடவை ஆர்வம் விட்டுப்போய்க் கிளம்பிவிட்டிருக்கின்றன. கையில் கிடைத்த பொம்மையின் சக்கரத்தைக் கழற்றும் வரை விடாத பேரப்பிள்ளை உங்கள் வீட்டில் இல்லையா?

இவற்றுக்குள் திடீர் மோகங்கள் வந்து போவதும் புதிதில்லை. 1987-ல் அமெரிக்காவின் வடமேற்குக் கடலில் ஒரு கூட்டம் செத்த சால்மன் மீனைத் தலையில் தொப்பிபோல வைத்துக்கொண்டு திரிந்தது. ஒன்று செய்ததை மற்றவையும் பிடித்துக்கொண்டன. சில வாரங்களில் எல்லாம் விட்டுவிட்டன. நம் பிள்ளைகள் ஒரு வருடம் பம்பரமும் மறு வருடம் கோலியுமாக அலைந்ததைப் போலத்தான்.

விளையாட்டு என்று சொல்வதால் படகில் இருப்பவருக்குப் பயம் குறையும் என்று நான் சொல்லவில்லை. கைதட்டிய தம்பி இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். சுக்கான் தண்டு படகின் அடிப்பாகத்தைத் துளைத்து மேலே வருவது. நான்கைந்து டன் எடையுள்ள விலங்கு கீழே அதன் தகட்டைத் தள்ளும்போது மேலே சுக்கான் சக்கரம் பேய் பிடித்ததுபோலச் சுழலும். பிடித்திருந்தால் மணிக்கட்டு போய்விடும், கையை எடுத்துவிடு என்றுதான் அங்கே சொல்லித்தருகிறார்கள். தண்டு பிய்ந்தால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறும். இதெல்லாம் நடுராத்திரியில், கரை தெரியாத இடத்தில் நடந்தால்? அந்தப் படகுகளில் போகிறவர் எல்லாரும் கோடீஸ்வரரும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சேமிப்பை எல்லாம் போட்டு ஒரு பழைய படகை வாங்கி, அதையே வீடாக்கிக்கொண்டு வாழும் தம்பதிகள் அந்தக் கடலில் நிறைய. வீடு மூழ்குவதைப் பார்த்துக் கைதட்டலாமா? உலகச் சுற்றுப் படகுப் பந்தயக்காரர்கள்கூட 2023 ஜூனில் அதே நீரிணை அருகே ஓர்க்காக்கள் வந்ததும் பாயை இறக்கிவிட்டு வேகத்தைக் குறைத்தார்கள். கடலே தொழிலான அவர்களுக்கே வயிறு கலங்கியிருக்கும்.

இது இன்று நேற்று நடப்பதும் இல்லை. 1972 ஜூனில், கலாபகஸ் தீவுகளுக்கு மேற்கே, ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் குடும்பத்தோடு போன மரப்படகை ஓர்க்காக்கள் மோதி உடைத்தன. சில நிமிடங்களில் படகு போய்விட்டது. ஆறு பேர். மழைத்தண்ணீரும் ஆமைக் கறியுமாக 38 நாள் கடலில் கிடந்து, கடைசியில் ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் அவர்களைக் காப்பாற்றியது. ஆறு பேரும் பிழைத்தார்கள். ஓர்க்காக்கள் கடலில் விழுந்தவர்களை ஒன்றும் செய்யவில்லை. செய்ய வேண்டும் என்றிருந்தால் அதைவிட வசதியான நேரம் ஏது?

இப்போது மாமாவுக்கு. சுட்டுத் தள்ள வேண்டும் என்கிறீர்கள். அதை ஏற்கெனவே யோசித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் கனடாவில், ஓர்க்காக்கள் சால்மன் மீனைத் தின்றுவிடுகின்றன என்ற புகாரில், அரசின் மீன்வளத் துறையே வான்கூவர் தீவுப் பக்கம் ஒரு நீரிணைக்கு மேலே இயந்திரத் துப்பாக்கியைக் கொண்டுபோய் நிறுத்தியது. நல்ல காலம், சுடவில்லை. 1964-ல் வான்கூவர் மீன் காட்சியகத்தார் சிலை செய்வதற்கு மாதிரி வேண்டும் என்று ஒரு குட்டியை ஈட்டியால் குத்தினார்கள். அது சாகவில்லை. இழுத்துவந்து கூண்டில் வைத்தார்கள். பூதம் என்று பயந்து பார்க்க வந்த ஜனங்கள், அது சாதுவாக மனிதன் கையிலிருந்து மீன் வாங்குவதைப் பார்த்தார்கள். மூன்று மாதம்போல இருந்து செத்தது. சுட்டுத் தள்ளு என்ற பேச்சு அங்கே அதன் பிறகுதான் மெல்ல மாறியது. ஆனால் கூடவே இன்னொரு பேராசை பிறந்தது. 1970 ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலக் கடலில் ஒரு பெருங்கூட்டத்தை வளைத்துக் குட்டிகளைப் பிடித்தார்கள். அதில் பிடிபட்ட ஒன்று மயாமியில் ஒரு தொட்டிக்குள் ஐம்பது வருடத்துக்கு மேல் வித்தை காட்டி, 2023 ஆகஸ்டில் அங்கேயே செத்தது. யார் யாரைப் பழிவாங்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் நம் பக்கம் நோட்டுப் புத்தகம் தாங்காது, மாமா.

ஜிப்ரால்டர் பக்கத்து ஓர்க்காக்கள் எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 2011-ல் எண்ணியபோது 39. நான் பாடம் எடுத்த ஒரு வகுப்பின் வருகைப் பதிவேட்டில் அதைவிட அதிகம் பெயர்கள் இருந்தன. 2019-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அந்தக் கூட்டத்தை அழிவின் விளிம்பில் உள்ளதாக அறிவித்தது. தாய் ஒன்றரை வருடம் வரை சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், அடுத்த குட்டிக்குப் பல வருடம் ஆகும். அவற்றின் சாப்பாடு நீலத்துடுப்புச் சூரை. அந்த மீனை மனிதர்கள் அள்ளியே தீர்த்திருந்த காலத்தில் குட்டிகள் பிழைப்பதே பாடாக இருந்தது. பிறகு பிடிக்கும் அளவுக்குக் கட்டுப்பாடு வந்து மீன் மறுபடி பெருகியது. வயிறு நிறையக் கிடைப்பதால் விளையாட நேரமும் கிடைத்துவிட்டது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அந்த வெறும் நாற்பதில் நாலு தாயைச் சுட்டால் மிச்சம் என்ன? ஏற்கெனவே சில படகுக்காரர்கள் தண்ணீரில் பட்டாசு கொளுத்திப் போடுகிறார்கள். காதால் உலகத்தைப் பார்க்கும் விலங்கின் காதில் வெடி வைப்பது அது. "பழிவாங்கும் கொலைகாரன்" என்று நாம் அனுப்பும் ஒவ்வொரு காணொளியும் அந்தப் பட்டாசுக்காரனுக்கு நியாயம் எழுதிக் கொடுக்கிறது. தமிழில் அனுப்புவது அவனுக்குப் போய்ச் சேராது என்று சமாதானம் சொல்லாதீர்கள். எல்லா மொழியிலும் ஆளுக்கு ஒன்று அனுப்பித்தான் அந்தக் கதை இவ்வளவு பெரிதானது.

பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓர்க்கா திமிங்கிலமே இல்லை. ஓங்கில் குடும்பத்தில் மிகப் பெரியது. கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓங்கில் தெரியும், மற்றவர்கள் டால்ஃபின் என்று படித்திருப்பீர்கள். அவை பெரிய திமிங்கிலங்களை வேட்டையாடுவதைக் கண்ட அந்தக் கால மாலுமிகள் திமிங்கிலக் கொல்லி என்று சொன்னதுதான் ஆங்கிலத்தில் தலைகீழாகக் கொல்லும் திமிங்கிலம் ஆனது என்பார்கள். நாம் அதை மொழிபெயர்க்கும்போது இன்னும் ஒரு படி மேலே போய்க் "கொலைகார" என்று ஆக்கிவிட்டோம். மீனைத் தின்னும் கொக்கைக் கொலைகாரக் கொக்கு என்கிறோமா? இலக்கணப்படி பார்த்தால் 'கொல்லும்' என்பது பெயரெச்சம், செயலைச் சொல்வது. 'கொலைகாரன்' என்பது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எந்த விசாரணையில் எழுதினோம்?

வழி இருக்கிறது. கோடை மாதங்களில் நீரிணைப் பக்கம் போகிற சிறு படகுகள் பாதுகாப்புக்கு உட்பட்டு முடிந்தவரை கரையை ஒட்டிப் போகட்டும், ஓர்க்கா வந்தால் நிறுத்தாமல் ஆழம் குறைந்த பக்கம் நகரட்டும் என்று ஸ்பெயின் அரசு அறிவுறுத்தியிருக்கிறது. எங்கே பார்த்தோம் என்று படகுக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். இதில் இசை சேர்க்க ஒன்றுமில்லை என்பதால் காணொளி ஆகவில்லை போலிருக்கிறது.

கடைசியாக, சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளின் அம்மாக்கள் இரண்டு பேர், "சார், அவன் ஜிப்ரால்டர் வழியாகத்தானே போவான்?" என்று கேட்டிருந்தீர்கள். நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. அவை சீண்டுவது பெரும்பாலும் சின்னப் பாய்மரப் படகுகளை. அந்தப் பெரிய இரும்புக் கப்பலுக்கு இதனால் ஆபத்து இல்லை. பையன் கண்ணில் பட்டால் முதுகுத் துடுப்பும் அதன் பின்னால் உள்ள சாம்பல் நிறத் திட்டும் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் எது எது என்று தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள். தேதி, நேரம், இடம் மூன்றையும் குறித்து எனக்கும் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். இசை வேண்டாம்.