கடலோரக் கூடாரமும் நம் வீட்டுப் பெண்களின் தொழுகையும்

விடுமுறை தொடங்கியதும் நம் குடும்பங்கள் பல இப்போது கடற்கரையை நோக்கிப் புறப்படுகின்றன. ஒரு வேனை அமர்த்தி, கூடாரம், அடுப்பு, பாய், தண்ணீர்க் கேன்களை ஏற்றிக்கொண்டு, சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே பரங்கிப்பேட்டை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் என ஊர் ஊராகச் சென்று, அனுமதி உள்ள இடத்தில் இரவு தங்கித் திரும்புகின்றனர். இதனை வீண் கேளிக்கை என்று ஒதுக்கிவிட இயலாது. பூமியில் பயணம் செய்து, அல்லாஹ் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்பதைப் பார்க்குமாறு அன்கபூத் அத்தியாயம் நம்மை அழைக்கிறது. குடும்பத்தோடு சேர்ந்து அந்தப் பார்வையைப் பெறுவது நன்மையே.

ஆயினும் இப்பயணங்களில் ஒரு பெருங்குறை இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. விடுமுறை முடிந்து மதரஸாவுக்குத் திரும்பும் மாணவியர் சிலர் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஹஜ்ரத், வழியில் வாப்பாவும் காக்காவும் பள்ளிவாசலில் தொழுதார்கள். எங்களுக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உம்மாவுக்கும் எனக்கும் ளுஹரும் அஸரும் களாவாகிவிட்டன. என்ன செய்வது?" களாத் தொழுகையின் சட்டத்தைச் சொல்லிக்கொடுப்பது எளிது. அந்தத் தொழுகை ஏன் களாவாயிற்று என்ற கேள்விக்குத்தான் நாம் அனைவரும் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பயணங்களை எண்ணிப் பாருங்கள். பயணம் புறப்படும்போது தம் மனைவியரிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் செல்வார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்ததையும், முதலில் அன்னையார் வென்றதையும், பின்னொரு நாள் நபியவர்கள் வென்று, அதற்கு இது ஈடு என்று கூறியதையும் அபூதாவூத் பதிவு செய்துள்ளார். மற்றொரு பயணத்தில் அன்னையாரின் கழுத்து மாலை தொலைந்தது. அதைத் தேடுவதற்காகத் தண்ணீர் இல்லாத இடத்தில் முழுப் படையும் தங்கியது. அந்தத் தங்கலில்தான் தயம்மும் வசனம் அருளப்பெற்றது. ஒரு பெண்ணின் பொருட்டுப் படையே நின்றது. அதனால் உம்மத் முழுமைக்கும் ஒரு சலுகை கிடைத்தது. நம் பயணங்களிலோ பெண்கள் சமைக்கவும், குழந்தைகளைப் பார்க்கவும், ஆண்கள் தொழுது வரும்வரை வேனுக்குள் காத்திருக்கவுமே அழைத்துச் செல்லப்படுகின்றனர்.

மார்க்கம் பயணிக்குத் தந்துள்ள வசதிகளை அறிந்தால் இந்த நிலை மாறும். ஏறத்தாழ எண்பது கிலோமீட்டருக்கு மேல் செல்லும் பயணி, தன் ஊர் எல்லையைக் கடந்ததும் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபின்படி ளுஹரையும் அஸரையும், மக்ரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழவும் இடமுண்டு. ஹனஃபீ மத்ஹபினர் அவற்றை அவ்வவற்றின் நேரத்தில் சுருக்கித் தொழுவர். பயணத்திட்டம் போடும்போதே குடும்பத் தலைவர் தொழுகை நேரங்களையும் இறங்கும் இடங்களையும் எழுதிவைத்தால், எவருடைய தொழுகையும் தவறாது.

கடற்கரையில் தண்ணீருக்கும் தட்டுப்பாடு இல்லை. கடற்பயணத்தில் கொஞ்சம் குடிநீரே கொண்டுசெல்கிறோம், அதில் உளூச் செய்தால் தாகத்தில் வாடுவோம், கடல்நீரில் உளூச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டபோது, அதன் நீர் தூய்மையானது என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். பூமி முழுவதும் தமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டுள்ளது என்றும் அவர்கள் கூறியுள்ளார்கள். ஆகவே கரையில் தங்கும் குடும்பம், இரண்டு கூடாரங்களில் ஒன்றைப் பெண்களுக்கென ஒதுக்கி, ஒரு வாளிக் கடல்நீரும் விரிப்பும் வைத்துவிட்டால் போதும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சோழமண்டலக் கரையில் கடல் கிழக்கே. கிப்லா மேற்கே, சற்று வடக்காக. எல்லோரும் ஒரே நேரத்தில் தக்பீர் கட்டினால், கடல் முதுகுப்புறம் இருக்கும். குழந்தைகளும் அங்கேதான் இருப்பார்கள். போர்க்களத்தில்கூட ஓர் அணி தொழ, மற்றோர் அணி காவல் நிற்குமாறு நிஸா அத்தியாயம் கற்பிக்கிறது. அந்த எச்சரிக்கை உணர்வைப் பாடமாகக் கொண்டு, இரண்டு ஜமாஅத்தாகத் தொழுங்கள். குழந்தைகளைக் காக்கும் முறை வாப்பாவுக்கும் வரட்டும். எப்போதும் உம்மாவுக்கே வர வேண்டியதில்லை.

தங்கும் முறைக்கும் வழிகாட்டல் உண்டு. இரவில் தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்குமாறும், அது இரவில் விலங்குகளும் விஷ ஜந்துக்களும் நடமாடும் இடம் என்றும் நபியவர்கள் எச்சரித்துள்ளார்கள். தோழர்கள் சிதறித் தங்கியதைக் கண்டித்தபின், ஒரே துணியால் போர்த்திவிடலாம் எனும் அளவுக்கு அவர்கள் நெருங்கித் தங்கினார்கள் என்றும் அறிகிறோம். கரை மீனவருடைய வாழ்விடம்; அவர்களிடம் கேட்டுக் கூடாரம் அமைப்பதும், குப்பையைத் திரும்ப எடுத்துவருவதும், ஆமைகள் முட்டையிடும் தை, மாசி மாதங்களில் கரையில் தீமூட்டி வெளிச்சம் போடாதிருப்பதும் நம் கடமை.

இனி, சாலையோரப் பள்ளிவாசல்களின் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். கரையில் கூடாரம் இருக்கிறது. ஆனால் பகல் முழுவதும் சாலையில் செல்பவர்களுக்குப் பள்ளிவாசலே புகலிடம். பெண்களுக்கு வீட்டில் தொழுவதே சிறந்தது என்று நீங்கள் ஹதீஸைச் சுட்டுவீர்கள். உண்மையே. ஆனால் பயணியான பெண்ணின் வீடு 300 கிலோமீட்டர் பின்னால் இருக்கிறது. அவள் முன் உள்ளவை உங்கள் பள்ளிவாசலும் ஓர் உணவகத்தின் வாகன நிறுத்தமுமே. அல்லாஹ்வின் அடிமைப் பெண்களை அல்லாஹ்வின் பள்ளிவாசல்களை விட்டும் தடுக்காதீர்கள் என்ற கட்டளையும் நபிமொழியே அன்றோ?

இடமில்லை, பராமரிக்க ஆளில்லை என்பார்கள். பெரிய கட்டடம் எதையும் கேட்கவில்லை. சுற்றுச்சுவரை ஒட்டித் தனி வாசலோடு ஓர் அறை, இரண்டு குழாய், ஒரு கழிப்பறை, கதவுக்குத் தாழ்ப்பாள், சாலையில் ஒரு பலகை. சாவி முஅத்தினிடம் இருக்கட்டும். மினாராவை இன்னும் உயர்த்தச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும். இது புதுமையும் அன்று. காயல்பட்டினத்தில் பெண்களுக்கெனத் தனித் தைக்காக்கள் பல உள்ளன. நம் முன்னோர் தம் ஊர்ப் பெண்களுக்குச் செய்ததை, நாம் வழிப்போக்கரான பெண்களுக்கும் விரிவாக்கினால் போதும். வழிப்போக்கரின் உரிமையைக் குர்ஆன் மீண்டும் மீண்டும் நினைவூட்டுகிறது. அந்த வழிப்போக்கரில் பெண்களும் அடங்குவர்.

குடும்பத் தலைவர்களே, அடுத்த முறை பள்ளிவாசலில் இறங்கும்போது, பெண்கள் தொழ இடம் உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையெனில் கண்ணியத்தோடு நிர்வாகியிடம் வேண்டுகோள் வையுங்கள். பலரும் கேட்கத் தொடங்கினால் கதவுகள் திறக்கும்.

நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாகவும், நம் வீட்டார் அனைவருக்கும் வணக்கத்தின் இன்பத்தைத் தருபவையாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.