அலகில்லாத எண்ணுக்கு 700 பிராங்க் கொடுக்காதீர்கள்

ஸ்கீரூர் சப்பாத்துகளில் அச்சடித்திருக்கும் 100, 110, 120, 130 என்ற ‘பிளெக்ஸ்’ எண்களை வைத்து ஒரு கொம்பனியின் சப்பாத்தை இன்னொரு கொம்பனியின் சப்பாத்தோடு ஒப்பிட முடியாது. முடியும் என்று சொல்லி விற்பவர்கள் உங்களை ஏமாற்றுகிறார்கள். 31 வருடம் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன் என்ற உரிமையில், கொஞ்சம் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். பதிவு நீளம். பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பக்கம் போய், கடையில் என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும் வாசிக்கலாம்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே சுவிஸில் பனிச்சறுக்கு இரண்டு வகை. லிப்றில் மேலே போய்ச் சறுக்கி இறங்குவது ஒன்று. லிப்ற் இல்லாத மலையில், ஸ்கீயின் அடியில் ‘ஃபெல்’ என்ற பட்டியை ஒட்டிக்கொண்டு, குதியைத் தூக்கித் தூக்கி நடந்தே ஏறி, உச்சியில் பட்டியைக் கழற்றிவிட்டுச் சறுக்கி இறங்குவது மற்றது. இரண்டாவதுதான் ஸ்கீரூர். அதற்கான சப்பாத்துக்கு இரண்டு வேலை. ஏறும்போது கணுக்கால் தாராளமாக மடிய விடவேண்டும். இறங்கும்போது, பின்பக்கப் பூட்டைப் போட்டதும், காலை ஆடவிடாமல் பிடிக்கவேண்டும். இறங்கும் நேரத்தில் சப்பாத்து முன்பக்கமாக வளைய எவ்வளவு மறுக்கிறது என்பதைத்தான் இந்தப் பிளெக்ஸ் எண் காட்டுவதாகச் சொல்கிறார்கள்.

எங்கள் இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள் பாடசாலை ஸ்கீ லாகரில் பழகி, இப்போது சொந்த உழைப்பில் ஸ்கீரூர் போகிறார்கள். எனக்குச் சந்தோஷம். ஆனால் ஒரு நல்ல சோடி 600, 700 பிராங்க். அந்தக் காசை எந்த எண்ணை நம்பிக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் தலை சுற்றுகிறது.

ஒரு சப்பாத்தைக் கையில் எடுத்து அதற்குரிய எண்களைப் பாருங்கள். 26.5 என்றிருக்கும். அது பாதத்தின் நீளம், சென்ரிமீற்றரில். குதிப்பக்கத்தில் 300 சொச்சம் ஒரு எண் பொறித்திருக்கும். அது அடிப்பாகத்தின் நீளம், மில்லிமீற்றரில். விபரத்தாளில் நிறை 1,300 என்றோ 1,400 என்றோ இருக்கும். அது கிராம், தராசில் வைத்து நீங்களே சரிபார்க்கலாம். நான்காவது எண் 120. 120 என்ன? நியூட்டனா? நியூட்டன் மீற்றரா? ஒரு பாகைக்கு இத்தனை நியூட்டன் மீற்றர் என்பதா? ஒன்றுமில்லை. வெறும் 120. அலகு எழுதாத விடைக்கு நான் முழுப்புள்ளி போட்டதே இல்லை. “சேர், எண் சரிதானே” என்று கண் கலங்கிய பிள்ளைக்கும் போட்டதில்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்காததை ஒரு கொம்பனிக்கு ஏன் விட்டுக்கொடுக்கவேண்டும்?

விறைப்பை அளக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது உயர்தர வகுப்புப் பாடம். கீழ்க்கோதை அசையாமல் பிடியுங்கள். உள்ளே ஒரு செயற்கைக் காலை வையுங்கள். கணுக்கால் அச்சிலிருந்து 30 சென்ரிமீற்றர் உயரத்தில் 300 நியூட்டன் விசையால் செங்குத்தாகத் தள்ளினால் முறுக்கம் 90 நியூட்டன் மீற்றர். எத்தனை பாகை வளைந்தது என்று பாகைமானியில் பாருங்கள். விசையை மாற்றி மாற்றிக் குறித்தால் ஒரு வரைபு கிடைக்கும். அந்த வரைபுதான் சப்பாத்தின் விறைப்பு.

ஏன் ஒரு எண் போதாது, வரைபு வேண்டும் என்கிறேன்? ஒரு உதாரணம். ‘அ’ என்ற சப்பாத்து முதல் சில பாகைகளில் இலேசாக வளைந்து, போகப்போக ஒரே சீராக இறுகுகிறது. ‘ஆ’ என்ற சப்பாத்து தொடக்கத்தில் சுவர்போல நிற்கிறது. கொஞ்சம் கூடத் தள்ளினால் சட்டென்று மடிகிறது. 10 பாகையில் இரண்டுக்கும் ஒரே முறுக்கம் தேவைப்படலாம். இரண்டிலும் 120 என்று எழுதலாம். ‘அ’ கரடுமுரடான பனியில் காலைத் தாங்கிப் பிடிக்கும். ‘ஆ’ முதலில் கீழ்க்கால் எலும்பில் இடிக்கும், பிறகு கைவிடும். (எங்கள் ஊரில் முழங்காலுக்குக் கீழ் முன்பக்க எலும்பை என்ன பெயரில் சொன்னாலும், இடி வாங்கினவருக்கு எந்த இடம் என்று தெரியும்.) மெல்லிய கோதால் செய்த இலகு சப்பாத்துகளில் இந்த இரண்டாவது குணம் வரக்கூடிய வாய்ப்பு அதிகம். நிறையைக் குறைத்துவிட்டு எண்ணை மட்டும் பெரிதாக வைத்திருக்க ஆசைப்பட்டால் வேறென்ன நடக்கும்?

அடுத்தது குளிர். லிப்ற் தளச் சப்பாத்துகள் பெரும்பாலும் பொலியூரித்தேன். அந்தப் பிளாஸ்ரிக் குளிரில் நன்றாக இறுகும். ஸ்கீரூர் சப்பாத்துகளில் அதிகம் வருவது பெபாக்ஸும், கிறவ்புண்டன் மாநிலத்து டொமாட்/எம்ஸில் இருக்கும் தொழிற்சாலையின் கிரிலமிட் என்ற நைலோன் வகையும். இவை இலகுவானவை, குளிருக்கு அந்த அளவுக்கு மாறாதவை. இப்போது யோசியுங்கள். கடைக்குள் 20 பாகை செல்சியசில் ஒரே மாதிரி வளையும் பொலியூரித்தேன் சப்பாத்தும் கிரிலமிட் சப்பாத்தும், மலையில் சைபருக்குக் கீழே 10 பாகையில் ஒரே மாதிரி வளையாது. எந்த வெப்பநிலையில் எடுத்த 130 என்று எழுதாமல் 130 என்று எழுதுவதில் என்ன அர்த்தம்?

அடுத்தது அளவு. 24.5 சப்பாத்திலும் அதே எண், 29.5 சப்பாத்திலும் அதே எண் அச்சடித்திருக்கும். கோதின் பருமன் வேறு, மேற்கோதின் உயரம் வேறு, அதனால் நெம்புகோலின் நீளமும் வேறு. போடுபவரின் நிறையும் வேறு. 90 கிலோ ஆளுக்குத் தாராளமாக வளையும் சப்பாத்து 55 கிலோப் பிள்ளைக்கு மரக்கட்டை.

இரண்டு பெயர் சொல்லியே கேட்கிறேன். ரெக்னிக்காவின் ‘ஸீரோ ஜி ரூர் புறோ’ என்ற சப்பாத்தில் 130 என்றிருக்கிறது. ஸ்கார்ப்பாவின் ‘மாயெஸ்த்ராலே ஆர்.எஸ்’ என்ற சப்பாத்தில் 125 என்றிருக்கிறது. இரண்டும் வட இத்தாலியில் மொன்தெபெல்லூனாவைச் சுற்றியுள்ள சப்பாத்துத் தொழிற் பிரதேசத்துக் கொம்பனிகள். இரண்டுமே நல்ல பெயர் எடுத்த சப்பாத்துகள். முதலாவது இரண்டாவதைவிட விறைப்பானதா? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த இரண்டு எண்ணையும் வைத்துச் சொல்லவே முடியாது. ஒரே கொம்பனியின் 110ஐயும் 125ஐயும் பக்கத்தில் வைத்தால் எது விறைப்பு என்று தெரியும், அவ்வளவுதான். வகுப்பில் முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்பது மாதிரி. வேறு பாடசாலையின் முதலாம் பிள்ளையோடு அதை எப்படி ஒப்பிடுவது?

இந்தத் துறைக்கு அளக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. லிப்ற் தளத்தில் பாவிக்கும் பைண்டிங்கை எடுங்கள். எவ்வளவு முறுக்கத்தில் அது காலை விடவேண்டும் என்பதை நிறை, உயரம், வயது, சறுக்கும் விதம், சப்பாத்தின் அடி நீளம் எல்லாம் பார்த்துத்தான் வைக்கிறார்கள். அதற்கு ஐ.எஸ்.ஓ 11088 என்ற தரம் இருக்கிறது. கடையில் கருவியில் பூட்டி முறுக்கத்தை அளக்கிறார்கள். ஸ்கீரூர் சப்பாத்தின் அடிப்பாகத்துக்குக்கூட ஐ.எஸ்.ஓ 9523 இருக்கிறது. பைண்டிங்கோடு பொருந்தும் இடங்களின் அளவுகளை அது வரையறுக்கிறது. அடியை மில்லிமீற்றர் கணக்கில் அளக்கத் தெரிந்தவர்களுக்கு, நான்கு விரற்கடை மேலே போனதும் அளவுகோல் தொலைந்துபோய்விடுகிறது.

இது காசு பிரச்சினை மட்டுமென்றால் இவ்வளவு எழுதமாட்டேன். முழங்கால் பிரச்சினையும் இருக்கிறது. பிளெக்ஸ் எண் முன்பக்க வளைவைப் பற்றித்தான் பேசுகிறது. பின்பக்கம் எவ்வளவு விறைப்பு என்று அது சொல்வதில்லை. சறுக்குபவர் சமநிலை இழந்து பின்னால் சாய்ந்து தரையில் இறங்கும்போது, சப்பாத்தின் விறைத்த பின்சுவர் கீழ்க்கால் எலும்பை முன்னுக்குத் தள்ளும். முழங்காலின் முன் குறுக்கு இணையம், இங்கே எல்லோரும் ‘குறொய்ஸ்பாண்ட்’ என்று சொல்வது, அறுந்துபோகும் வழிகளில் இது நன்கு அறியப்பட்ட ஒன்று. அப்படியிருக்க, தன் நிறைக்கும் பழக்கத்துக்கும் மிஞ்சிய விறைப்பை ‘130 போட்டால்தான் மதிப்பு’ என்று வாங்கும் இளைஞனிடம் நான் வேறென்ன சொல்வது?

களைப்பும் இருக்கிறது. மணிக்கு 300 அல்லது 400 மீற்றர் உயரம் ஏறுவது சாதாரண வேகம். 1,200 மீற்றர் ஏற மூன்று நான்கு மணித்தியாலம். இறக்கம் அதில் சிறு பங்கு. அந்த மூன்று நான்கு மணித்தியாலமும் உங்கள் காலுக்கு முக்கியம் மேற்கோது முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு தூரம் உராயாமல் அசைகிறது என்பதும், நிறை எவ்வளவு என்பதும்தான். வசந்தகாலத்தில் வெயில் ஏற ஏறப் பனி நனைந்து சரிவு ஆபத்தாகும். களைத்து ஒரு மணித்தியாலம் பிந்தி உச்சிக்குப் போகிறவனுக்கு அவன் சப்பாத்தில் எழுதியிருக்கும் 130 உதவிக்கு வராது.

எனக்கு வரக்கூடிய மறுப்புகளும் தெரியும். “விறைப்பு என்பது ஒரு உணர்வு சேர், ஒரு எண்ணில் அடங்காது” என்பார்கள். சரி, அடங்காது என்றால் எண்ணை எழுதாதீர்கள். மென்மை, நடுத்தரம், விறைப்பு என்று எழுதுங்கள். எண்ணை எழுதி அறிவியல் மரியாதையையும் வாங்கிக்கொண்டு, கேள்வி கேட்டால் உணர்வு என்று ஒளிந்துகொள்ளக் கூடாது. “சோதனைக்குச் செலவாகும்” என்பார்கள். ஒவ்வொரு அளவுக்கும் வார்ப்பு அச்சு செய்யச் செலவழிப்பவருக்கு, ஒரு செயற்கைக் காலையும் முறுக்கமானியையும் வாங்குவது பெருஞ்செலவா? “அனுபவசாலிக்குத் தெரியும்” என்பார்கள். அனுபவசாலிக்கு எண்ணே தேவையில்லை. முதன்முறை வாங்குபவருக்குத்தான் அது தேவை, அவரைத்தான் அது ஏமாற்றுகிறது. மருமகனோடு ஒரு கடைக்குப் போனபோது, இரண்டு வேறு கொம்பனிச் சப்பாத்தைக் காட்டி “இது அதைவிடப் பத்து கூட” என்று அங்கிருந்த தம்பி சொன்னார். பத்து என்ன என்று கேட்டேன். சிரித்தார்.

இனிக் கடையில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

ஒன்று, முதலில் பொருத்தம். கோது காலுக்குப் பெரிதென்றால் எந்த விறைப்பும் பயன்படாது. உட்சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலைக் கோதுக்குள் வைத்து, விரல் முன்னால் தொட, குதிக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். 26உம் 26.5உம் பெரும்பாலும் ஒரே கோதுதான் என்பதையும் ஞாபகம் வைத்திருங்கள்.

இரண்டு, ஒப்பிட நினைக்கும் இரண்டு சப்பாத்தையும் ஒரே நேரத்தில் போடுங்கள். வலக்காலில் ஒன்று, இடக்காலில் மற்றது. பக்கிளை ஒரே இறுக்கத்தில் பூட்டி, பின்பூட்டையும் போட்டு, முழங்காலை முன்னுக்குத் தள்ளுங்கள். மெதுவாக, பத்துத் தடவை. தொடக்கத்தில் எப்படி, முடிவில் எப்படி என்று கவனியுங்கள். பிறகு கால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எங்கள் இரண்டு காலும் ஒன்றுபோல இல்லை. அச்சடித்த எண்ணைவிட இந்தப் பரிசோதனை பத்து மடங்கு நேர்மையானது.

மூன்று, பூட்டைப் போட்டபின் பின்னுக்குச் சாயுங்கள். ‘டக்’ என்று இடைவெளி ஆடுகிறதா? அந்த ஆட்டம் எந்த எண்ணிலும் வராது. பிறகு பூட்டைத் திறந்து கடையின் படிக்கட்டில் நான்கு தடவை ஏறி இறங்குங்கள். கூச்சப்படவேண்டாம், காசு உங்களுடையது.

நான்கு, கடைக்காரரிடமும் கொம்பனிக்கு மின்னஞ்சலிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எந்த அளவுச் சப்பாத்தில், எந்த வெப்பநிலையில், 5 பாகைக்கும் 10 பாகைக்கும் எத்தனை நியூட்டன் மீற்றர்? பின்பக்கம் எத்தனை? பதில் வராது என்று எனக்கும் தெரியும். ஒருவர் கேட்டால் பைத்தியம் என்பார்கள். ஆயிரம் பேர் கேட்டால் அடுத்த வருட விபரத்தாளில் ஒரு வரைபு வரும். நிறையைக் கிராமில் எழுதுகிறவர்களுக்கு இதையும் எழுதலாம்.

ஸ்கீரூர் போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். தமிழ் வாசிக்கக் கஷ்டப்பட்டால் வாசித்துக் காட்டுங்கள். பின்னூட்டத்தில் என்னோடு சண்டை பிடிக்க வருபவர்களுக்கும் வரவேற்பு உண்டு, ஒரு நிபந்தனையோடு: எண் சொல்வதென்றால் அலகோடு சொல்லுங்கள்.