ஆம்பளை டீமுக்கு பொம்பளை கோச் ஏன் ஆகாதாம்?



இந்த வாரம் நெல்லு, மல்லி, கம்மாய்த் தண்ணி எதுவும் இல்லை. ஃபுட்பால் பத்தி எழுதப் போறேன். சம்சாரிக்கு எதுக்குய்யா பந்துன்னு சிரிக்காதீங்க. சமணர் மலை அடிவாரத்துல பசங்க சாயங்காலம் ஆடுற ஆட்டத்தை மாடு பத்திட்டு வரும்போது நின்னு பாக்குறவன் நான். ராத்திரி டிவியில ஐ.எஸ்.எல். ஓடுனா அதையும் விடுறதில்லை.

டீக்கடையில ஒரு பேச்சு அடிக்கடி வருது. படிச்சவங்களும் அதையேதான் சொல்றாங்க. "பொம்பளைங்க பொம்பளை டீமை நடத்தட்டும், யாரு வேணாம்னா? சம்பளம் வாங்கி ஆடுற ஆம்பளைங்க டீமை ஒரு பொம்பளை எப்படிண்ணே மேய்க்க முடியும்?" முடியும்னு சொல்றேன். அது மட்டுமில்லை, இந்தக் கேள்வியைக் கேக்குற விதமே தப்புன்னும் சொல்றேன்.

முதல்ல நம்ம மதுரைக் கதையைப் பேசுவோம். மதுரைப் பேரைச் சொல்லி ஆடுற சேது எஃப்.சி. பெண்கள் அணி 2019 மே மாசம் லூதியானாவுல இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை ஜெயிச்சது. இறுதி ஆட்டத்துல மணிப்பூர் போலீஸ் அணியை 3-1ன்னு அடிச்சாங்க. மணிப்பூர்னா பெண்கள் ஃபுட்பாலுக்கே தாய்வீடு மாதிரி. அந்த ஊர் அணியைத் தோக்கடிச்ச நம்ம அணிக்கு கோச் யாரு தெரியுமா? அம்ருதா அரவிந்த். ஒரு பெண். எத்தனை பேருக்கு இது தெரியும்? அலங்காநல்லூர்ல எந்தக் காளை எத்தனை நிமிசம் நின்னுச்சுன்னு தெரியும், இது தெரியாது.

அதே சேது எஃப்.சி.யில பின்னாடி கோச்சா இருந்தவர் கிறிஸ்பின் செத்ரி. ஆண். நல்ல கோச், குறை சொல்லலை. அங்கேயிருந்து ஒடிசா பெண்கள் அணிக்குப் போனார், அப்புறம் இந்தியப் பெண்கள் அணிக்கே கோச் ஆனார். 2025 ஜூலையில தாய்லாந்தை அவங்க மண்ணுலயே 2-1ன்னு ஜெயிச்சு ஆசியக் கோப்பைக்குப் போனது அவர் அணிதான். அப்ப யாராவது, "பொம்பளைப் பிள்ளைங்க டீமை ஆம்பளை எப்படி நடத்துவான்? டிரஸ்ஸிங் ரூம்ல என்ன பண்ணுவான்?"னு கேட்டீங்களா? இல்லை. கேக்கணும்னு தோணவும் இல்லை. ஆனா அதே நாற்காலியில உக்காந்து கோப்பையும் வாங்கின பெண்ணை ஒரு ஆண்கள் கிளப் கூப்பிட்டா, உடனே ஊரே நாட்டாமை ஆயிடும். ஐ.எஸ்.எல். 2014-ல ஆரம்பிச்சது. இன்னைக்கு வரைக்கும் ஒரு கிளப்புக்குக் கூட பெண் தலைமைக் கோச் வந்ததில்லை. வழி ஒரு பக்கம் மட்டும் திறந்து கெடந்தா அது வழி இல்லை, வாய்க்கால். தண்ணி பள்ளத்துக்கு மட்டுந்தான் போகும்.

சரி, அவங்க சொல்ற காரணத்தை ஒவ்வொண்ணா எடுப்போம்.

"ஆம்பளைங்க ஆட்டத்தை அவங்க ஆடலையே, அனுபவம் எங்க?"

இத்தாலியில அரிகோ சாக்கின்னு ஒருத்தர். தொழில்முறையா எந்த அணிக்கும் ஆடினதே இல்லை, செருப்பு வித்தவர். 1989, 1990 ரெண்டு வருசமும் ஏ.சி. மிலான் அணிக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். மொரின்யோ, பெரிய கோச்சுக்கு மொழிபெயர்ப்பாளரா இருந்து வந்தவர். ஆடத் தெரியிறது ஒரு வேலை, ஆட வைக்கத் தெரியிறது வேற வேலை.

இன்னொண்ணு, நம்ம சென்னையின் எஃப்.சி.யையே பாருங்க. 2014-ல மார்கோ மடெராஸியைக் கொண்டு வந்து ஆட்டக்காரராவும் கோச்சாவும் வச்சாங்க. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துல ஜிடேன்கிட்ட நெஞ்சுல முட்டு வாங்கினாரே, அவரேதான். அதுக்கு முன்னாடி அவர் எந்த டீமுக்கும் கோச்சா இருந்ததில்லை. ஆனாலும் நம்பிக் கொடுத்தாங்க. 2015-ல கோப்பை வந்துச்சு, சந்தோசம். 2016-ல 8 டீம்ல 7-வது இடம். அதுக்கப்புறம் அவர் போயிட்டார். அப்ப "ஆம்பளை கோச்சே வேணாம்ப்பா, பாத்தாச்சு"ன்னு யாராவது சொன்னாங்களா? அந்த ஆள் போனார், அவ்வளவுதான். அடுத்த ஆம்பளை வந்தார்.

என் மொத்தப் பேச்சும் இந்த ஒரு இடத்துலதான் நிக்குது. ஒரு ஆம்பளை தோத்தா அவன் தோத்தான்னு கணக்கு. ஒரு பொம்பளை தோத்தா பொம்பளை இனமே தோத்துடுச்சுன்னு கணக்கு.

ஹாங்காங்ல சான் யுவென்-டிங்னு ஒரு பொண்ணு. 2015 டிசம்பர்ல ஈஸ்டர்ன்ங்கிற ஆண்கள் கிளப்புக்கு கோச் ஆச்சு. 2016 ஏப்ரல்ல லீக் கோப்பையை ஜெயிச்சுட்டாங்க. அப்ப அந்தப் பொண்ணுக்கு வயசு 27. அந்த கிளப் 21 வருசமா அந்தக் கோப்பைக்குக் காத்துக் கெடந்துச்சு. ஒரு நாட்டோட முதல்நிலை ஆண்கள் லீக்கை ஜெயிச்ச முதல் பெண் கோச் அவங்கதான். மறு வருசம் ஆசிய சாம்பியன்ஸ் லீக். முதல் ஆட்டமே சீனாவுல குவாங்சோ அணியோட. எதிர்ப் பக்கம் கோச் யாரு? 2002-ல பிரேசிலுக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஸ்கோலாரி. 7-0ன்னு தோத்தாங்க. அந்த 7 கோலை மட்டும் பிடிச்சுக்கிட்டு "பாத்தியா"ன்னு சொல்றவங்க இருக்காங்க. அடுத்த ஆட்டத்துல ஜப்பான்காரன் கவாசாகி டீமை 1-1ன்னு நிறுத்தினாங்களே, அதைச் சொல்ல மாட்டாங்க. குவாங்சோகிட்ட எத்தனையோ ஆம்பளை கோச்சுங்களும் அடி வாங்கியிருக்காங்க.

ஒருத்தர் செஞ்சதை அவர் பொறந்த இனத்து மேலயே எழுதி வைக்கிறது எப்படி இருக்கும்னு நம்ம ஊருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். 1914-ல வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம்ம கீழக்குயில்குடி மேல போட்டான். தப்பு செஞ்சியான்னு கேக்கலை. எங்க பொறந்தேன்னு கேட்டான். பொறப்பைப் பாத்து ரேகை வாங்கினான், ராத்திரி வீட்டுல படுக்க விடலை. ரெண்டும் ஒரே கொடுமைன்னு நான் சொல்ல வரலை. நம்ம தாத்தாமார் பட்டது வேற அளவு. ஆனா ஆளைப் பாக்காம பொறப்பைப் பாத்துத் தீர்ப்பு எழுதுற அந்தப் புத்தி ஒண்ணுதான். அதுல அடிபட்ட ஊர்க்காரன் அதே புத்தியை வீட்டுப் பிள்ளைங்க மேல காட்டலாமா?

"ஆம்பளைப் பசங்க ஒரு பொம்பளை சொல்லுக்குக் கட்டுப்படுவாங்களா?"

கடலூர்ப் பொண்ணு இந்துமதி கதிரேசன். இந்திய அணிக்கு ஆடினவங்க, தமிழ்நாடு போலீஸ்ல எஸ்.ஐ. கொரோனா ஊரடங்கு நேரத்துல சென்னையில தெருவுல நின்னு டூட்டி பாத்தாங்க. அவங்க வண்டியை நிறுத்துன்னா எந்த ஆம்பளை நிக்காமப் போனான்? இதே மாதிரி நூறு நாள் வேலையில பணித்தளப் பொறுப்பாளரா எத்தனை ஊர்ல பொம்பளைங்க இருக்காங்க. ஆம்பளைங்க அவங்ககிட்டதான் அட்டெண்டன்ஸ் போடுறாங்க. நடவு அன்னைக்கு என் வயல்ல வந்து பாருங்க. ஆள் கூட்டிட்டு வர்ற அக்கா "முடியை இங்கிட்டுப் போடு, அங்கிட்டு ஏன்டா போடுறே"ன்னு சத்தம் போட்டா, நாத்து சுமக்குற ஆம்பளைங்க மறுபேச்சு பேச மாட்டாங்க, வயலுக்குச் சொந்தக்காரன் என்னையும் சேத்து. ஏன்னா அந்த அக்காவுக்கு வேலை தெரியும்.

மதுரைக்குப் பக்கத்துல பில்லுசேரி சின்னப்பிள்ளை அம்மாவை மறந்துட்டீங்களா? பள்ளிக்கூடம் போகாதவங்க. கூலி ஆட்களுக்குத் தலைவியா நின்னு மிராசுதாருங்ககிட்ட கூலி பேசினவங்க. 2001-ல டெல்லியில பிரதமர் வாஜ்பாயி விருது கொடுத்துட்டு அந்த அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டார். 2019-ல பத்மஸ்ரீ. கையெழுத்தே போடத் தெரியாத நெலமையில ஆரம்பிச்ச ஒரு அம்மா ஆயிரக்கணக்கான பேரைக் கட்டி மேய்க்க முடியும், லைசென்ஸ் பரீட்சை எழுதி வந்த பொண்ணு 25 ஆட்டக்காரங்களை மேய்க்க முடியாதா?

இங்க ஒருத்தர் குறுக்கே வருவார். "அண்ணே, பஞ்சாயத்துல பொம்பளைங்களுக்குப் பாதி இடம் கொடுத்தாச்சு. நாற்காலியில வீட்டுக்காரர்ல உக்காந்திருக்கார்?" சில ஊர்ல நெசந்தான். ஆனா ஃபுட்பால்ல அந்த வேலை நடக்காது. 90 நிமிசமும் கோட்டுக்கு வெளிய கோச் நிக்கணும். யாரை எறக்குறது, யாரைத் தூக்குறதுன்னு அந்த நிமிசத்துல முடிவு எடுக்கணும், வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேக்க முடியாது. தெறமை இருக்கா இல்லையான்னு பல்லைப் பிடிச்சுப் பாக்க இதை விட வெளிச்சமான எடம் எது?

"டிரஸ்ஸிங் ரூம்?"

பெரியாஸ்பத்திரியில ஆம்பளை வார்டுல ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாத்துறது யாரு? நர்ஸ் அம்மாதானே. அங்க வராத வெக்கம் இங்க எங்கிருந்து வருது? கதவைத் தட்டிட்டு, பசங்க துணி போட்ட பிறகு உள்ள போனா ஆச்சு. பிரான்ஸ்ல கொரின் டியாக்ர்னு ஒரு அம்மா, கிளெர்மோன் ஆண்கள் கிளப்பை 2014-லேருந்து மூணு சீசன் இரண்டாம் டிவிஷன்ல நடத்தினாங்க. ஒரு வருசம் 7-வது இடத்துக்குக் கொண்டு வந்தாங்க. ஜெர்மனியில இங்கோல்ஸ்டாட் கிளப்புக்கு 2024-ல சபிரினா விட்மன் கோச் ஆனாங்க. அங்கெல்லாம் கதவு இருக்கு, தாழ்ப்பாளும் இருக்கு. நம்ம நாட்டுக்கே வாங்க. 2008-ல பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் சுட்டாரே, இந்தியாவோட முதல் தனிநபர் தங்கம், அவருக்கு கோச்சா இருந்த காபி பூல்மான் ஒரு சுவிஸ் நாட்டுப் பெண். அந்தப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துடலாமா?

இது வெறும் வாய்ச்சண்டை இல்லைங்க, வயித்துப் பாடு. சேது ஜெயிச்ச அந்த 2019 லீக்கோட கடைசிச் சுற்று மொத்தமும் ஒரே ஊர்ல, மூணு வாரத்துக்குள்ள முடிஞ்சுபோச்சு. அப்ப ஆம்பளைங்க லீக் அஞ்சாறு மாசம் ஓடுச்சு. மாசாமாசம் சம்பளம் வர்ற கோச் வேலை பெரும்பாலும் அங்கிட்டுத்தான் இருக்கு. அந்தக் கதவை மூடிட்டு "பொம்பளைங்க அவங்க டீமைப் பாத்துக்கட்டும்"னா, வருசத்துல கொஞ்ச நாளைக்குக் கஞ்சி ஊத்திட்டு மீதிக்குப் பட்டினி கெடன்னு அர்த்தம்.

பக்கத்து ஊர்ல ஒரு பிள்ளை. பேர் வேணாம். காலேஜ் டீம்ல ஆடுச்சு, உடற்கல்வி படிச்சுது. அந்த ஊர்ப் பசங்க பொங்கல் டோர்னமெண்ட்டுக்கு ஒரு மாசம் அந்தப் பிள்ளைகிட்டதான் பழகினாங்க. பசங்களுக்கு மறுப்பே இல்லை, அக்கா அக்கான்னு பின்னாடியே ஓடினாங்க. மறுத்தது பெருசுங்க. ஆட்டம் அன்னைக்கு பிளெக்ஸ் போர்டுக்குக் காசு கொடுத்தவரைக் கோச்சுன்னு மைக்ல சொன்னாங்க. அந்தப் பிள்ளை கூட்டத்துல ஓரமா நின்னு பாத்துச்சு. இப்ப டவுன்ல ஜவுளிக்கடையில பில் போடுது. காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டே வேலை. மேடை ஏறினா ராணி மங்கம்மாள் ஆண்ட மண்ணுன்னு முழங்குற ஊருங்க இது.

எல்லாப் பொம்பளையும் நல்ல கோச்சுன்னு நான் சொல்லலை. மோசமான பொம்பளை கோச்சும் வருவாங்க, மோசமான ஆம்பளை கோச் வர்ற மாதிரியே. அவங்களையும் தோத்தா வீட்டுக்கு அனுப்புங்க. ஆனா ஆட விட்டு, தோத்த பிறகு அனுப்புங்க. கோச் லைசென்ஸ் பரீட்சையில ஆம்பளைக்கு ஒரு கேள்வித்தாள், பொம்பளைக்கு ஒரு கேள்வித்தாள் கெடையாது. பாஸ் பண்ணின எல்லாரையும் கூப்பிட்டுப் பேசுங்கன்னு கிளப்புக்காரங்களைக் கேக்குறேன். பசங்க டீமுக்கும் பெண் கோச்சுங்களைப் போடுங்கன்னு விளையாட்டு ஆணையத்தைக் கேக்குறேன். நம்மூர்ப் பக்கம் பொங்கல் டோர்னமெண்ட் நடத்துற கமிட்டிக்காரங்களையும் கேக்குறேன்: யாரு பழக்கினாங்களோ அவங்க பேரை மைக்ல சொல்லுங்க.

மறுத்துப் பேசுறவங்க தாராளமாப் பேசுங்க, பதில் எழுதுறேன். "அதெல்லாம் சரிப்படாதுண்ணே"ன்னு மட்டும் சொல்லாம ஒரு காரணத்தோட வாங்க.

நாத்தங்கால்ல தண்ணி வெட்டி விடணும், கெளம்புறேன். அடுத்த பதிவுல நம்ம கம்மாய் மடை ஒழுகுற கதையைச் சொல்றேன்.