ஓசி பாஸ் வேண்டாம் பாஸ்... உங்க ஊர் நாடகத்துக்கு ஒரு டிக்கெட் எடுங்க!

விஜய் சேதுபதி, பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம்... இவங்க நடிச்ச சீன்களை ஸ்டேட்டஸ்ல வைக்காதவங்க கம்மி. இந்த நாலு பேருக்கும் பொதுவான ஓர் இடம் இருக்கு. சென்னையில் 1977-ல் ந.முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறைதான் அது. விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதப்போனவர்!

சரி, அந்த முத்துசாமி எழுதின ‘நாற்காலிக்காரர்’, ‘சுவரொட்டிகள்’ நாடகங்களை நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம்? நடிகர்களைக் கொண்டாடுறோம். அவங்க உருவான மேடையை மட்டும் மறந்துடுறோம்.

தடை போனது... தயக்கம் போகலை!

ஒரு காலத்துல நாடகம் போடணும்னா வசனத்தை முன்கூட்டியே போலீஸ்கிட்ட கொடுத்து அனுமதி வாங்கணும். 1954-ல் வந்த தமிழ்நாட்டு நாடகச் சட்டம் அப்படி. எம்.ஆர்.ராதாவின் நாடகங்களை மனசுல வெச்சுதான் அந்தச் சட்டமே வந்ததுன்னு சொல்வாங்க. ‘பரீக்ஷா’ குழுவை நடத்திய ஞாநி இதை எதிர்த்து வழக்கு போட்டார். 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் செல்லாதுன்னு சொல்லிடுச்சு.

அப்போ இனி துணிச்சலான நாடகங்களா வந்து குவியணும்தானே? அப்படி நடக்கலை. காரணம், இப்போ ஒரு நாடகத்தை நிறுத்த போலீஸ் தேவையில்லை. காலி நாற்காலிகளே போதும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாமா?

100 பேர் உட்காரும் அரங்கம், டிக்கெட் 300 ரூபாய்னு வெச்சுக்குவோம். ஹவுஸ்ஃபுல் ஆனாலும் 30,000 ரூபாய்தான். அரங்க வாடகை, லைட், சவுண்ட், செட், போக்குவரத்து எல்லாம் இதுக்குள்ளே அடங்கணும். பத்துப் பேர் ரெண்டு மாசம் வேலை முடிஞ்ச பிறகு ராத்திரியில ஒத்திகை பார்த்திருப்பாங்க. அவங்க சம்பளம்? பெரும்பாலும் கைதட்டல்தான். இதுல பாதி சீட் ஓசி பாஸ்னா, அடுத்த ஷோவே கிடையாது.

அதனாலதான் குழுக்கள் பாதுகாப்பான ரூட்டைப் பிடிக்குது. தெரிஞ்ச கதை, நிச்சயமா சிரிப்பு வர்ற ஜோக், ஏற்கெனவே ஓடின ஸ்கிரிப்ட். காமெடி நாடகம் தப்பே இல்லை. ஆனா சாதி, பாலினம், வேலையின்மைனு இன்னைக்கு உங்க வாழ்க்கையைப் பேசுற புதுக் கதைக்கு ரிஸ்க் எடுக்க ஆள் இல்லாமப் போயிடும்.

ரசிகர்கள் வந்தா கதை மாறும். கோமல் சுவாமிநாதன் சபா நாடகங்கள் போட்டுக்கிட்டிருந்தவர். அவர்தான் 1980-ல், குடிநீருக்குத் தவிக்கிற ஒரு கிராமத்தை வெச்சு அரசாங்கத்தையே கேள்வி கேட்ட ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்தைப் போட்டார். மேடையில் ஜெயிச்ச அந்தக் கதையை அடுத்த வருஷமே கே.பாலசந்தர் படமாக்கினார். தேசிய விருதும் கிடைச்சது. அரங்கம் நிறைஞ்சதால்தான் அந்தக் கதை அவ்வளவு தூரம் போச்சு.

‘புரியலையே பாஸ்!’

நியாயமான புகார்தான். எல்லாப் புது நாடகமும் நல்லா இருக்கும்னு யாரும் கேரன்ட்டி தர முடியாது. சிலது சொதப்பும், சிலது போரடிக்கும். சொதப்பலைச் சொதப்பல்னே சொல்லுங்க. ஆனா பார்த்துட்டுச் சொல்லுங்க. சினிமா மாதிரி இல்லாம, நாடகத்தை அடுத்த ஷோவுக்குள்ளே திருத்த முடியும். உங்க கருத்து அங்கே நிஜமாவே வேலை செய்யும்.

நீங்க என்ன செய்யலாம்?

* மூணு மாசத்துக்கு ஒரு நாடகம். டிக்கெட் வாங்கியே பாருங்க. குழுவுல நண்பன் இருந்தா, கட்டாயம் வாங்குங்க!

* தனியா போகாதீங்க. நாடகமே பார்க்காத ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போங்க.

* முதல் ஷோவுக்குப் போயிட்டு அன்னைக்கு ராத்திரியே நாலு வரி எழுதிப் போடுங்க. அடுத்த ஷோ டிக்கெட்டை விக்கிறது அந்த நாலு வரிதான்.

* முடிஞ்சதும் கிளம்பிடாதீங்க. எழுதினவங்ககிட்ட ஒரு கேள்வி கேளுங்க.

* காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல சினிமா ஸ்பூஃபுக்குப் பதிலா, ஒரு தடவை சொந்தக் கதையைப் போட்டுப் பாருங்க.

ஓடிடி-யில நல்ல படத்தை அடுத்த மாசம்கூடப் பார்த்துக்கலாம். உங்க ஊர் நாடகம் அப்படிக் காத்திருக்காது. இந்த ஞாயிறு ஆள் வரலைன்னா, அதோடு சரி. அதனால, இந்த வாரம் உங்க ஏரியாவுல என்ன நாடகம்னு முதல்ல தேடிப் பாருங்க!