முகவரி ஒரு வாக்குறுதி

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கழகத்தின் செயலவையிலிருந்து ஒரு தங்கை அழைத்தார். கணினித் துறையில் இருக்கும் முன்னாள் மாணவர் என்பதால் மாணவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதுங்கள் என்றார். சரி என்று சொல்லித் தொலைபேசியை வைக்கப் போனேன். அப்போது அவர் இன்னொன்றும் கேட்டார்.

“அண்ணா, 2006ஆம் ஆண்டு மலரில் எங்கள் பாட்டியின் பேட்டி வந்திருக்கிறது. அச்சில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. முழுப் பேட்டியும் இணையத்தில் என்று கீழே ஒரு முகவரி போட்டிருக்கிறார்கள். அது திறக்கவே இல்லை. அந்தத் தளத்தை நீங்கள்தான் செய்தீர்களாமே?”

ஆமாம், நான்தான் செய்தேன். பேராக்கில் இரப்பர்த் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவிய அந்த அம்மாள் இன்று உயிருடன் இல்லை. அவர் தம் வாயால் சொன்னவற்றை உலகுக்குச் சொல்வதாக அச்சில் வாக்குக் கொடுத்துவிட்டு, அந்த வாக்கைக் காற்றில் பறக்கவிட்டவன் நான். ஆகவே இந்தக் கட்டுரையை அறிவுரையாகப் படிக்காமல், ஒரு நிரலாளனின் ஒப்புதல் வாக்குமூலமாகப் படியுங்கள்.

இரண்டரை வரி முகவரி

அன்றிரவே அலமாரியிலிருந்து பழைய மலரை எடுத்துப் பார்த்தேன். முகவரி மட்டும் இரண்டரை வரி ஓடியது. நடுவில் ஓர் அரைப்புள்ளி, ‘ஜேசெஷன்ஐடி’ என்றொரு சொல், அதைத் தொடர்ந்து எழுத்தும் எண்ணுமாக 32 குறிகள். அச்சகத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் உலாவியில் இருந்ததை அப்படியே வெட்டி ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த 32 குறிகள் என்ன? இணையத்தின் அடிப்படை நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. ஒவ்வொரு முறையும் நாம் புதிய ஆளாகத்தான் போய் நிற்கிறோம். ஆகவே வழங்கி நமக்கு ஓர் அடையாள எண் கொடுத்து, நம்மைப் பற்றிய குறிப்புகளைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. பொதுவாக அந்த எண் குக்கியில் வரும். உலாவி குக்கியை ஏற்குமா என்று தெரியாத முதல் தடவையில், ஜாவா வழங்கிகள் அந்த எண்ணை முகவரியிலேயே ஒட்டி அனுப்பின. டாம்கேட் வழங்கியில் இயல்பாக 30 நிமிடம் அசையாமல் இருந்தால் அந்த எண் காலாவதி. மலர் அச்சேறும் முன்பே செத்துப்போன ஓர் எண்ணைத்தான் நூற்றுக்கணக்கான படிகளில் அச்சிட்டு விநியோகித்தோம்!

அதைவிடப் பெரிய பிழை இன்னொன்று. நாங்கள் பயன்படுத்தியது ஜாவாசர்வர் ஃபேசஸ் என்னும் இணையச் சட்டகத்தின் தொடக்கப் பதிப்பு. அதில் ஒரு பட்டியலில் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தால், அந்தத் தேர்வு படிவமாக வழங்கிக்குப் போகும். கட்டுரை திரையில் வரும். மேலே இருக்கும் முகவரியோ பழைய பட்டியலின் முகவரியாகவே நிற்கும். எப்போதும் ஓர் அடி பின்தங்கிய முகவரி. ஆக, தளம் உயிரோடிருந்த காலத்திலும் மலரில் அச்சிட்ட முகவரி பாட்டியின் பேட்டியைக் காட்டியிருக்காது, பட்டியலைத்தான் காட்டியிருக்கும். எந்தக் கட்டுரையைக் கேட்கிறோம் என்ற செய்தி முகவரியில் இல்லை. அது வழங்கியின் நினைவில், அதுவும் என் பெயருக்கு மட்டும், அரைமணி நேரத்துக்கு மட்டும் இருந்தது.

தே தாரிக் ஆறும் நேரம்

இப்போது இரண்டாவது குற்றத்துக்கு வருகிறேன். எங்கள் குழுவில் ஆறு பேர். மூவர் கணினித் துறை. மூவர் தமிழாய்வு, கல்வித் துறைகளிலிருந்து ஆர்வத்தோடு வந்தவர்கள். இரண்டே வாரத்தில் அந்த மூவரும் நின்றுவிட்டார்கள். “இவர்களுக்குப் பொறுமை இல்லை” என்று மாமாக் கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டோம். உண்மையில் அவர்களை விரட்டியது எங்கள் கருவி.

ஒரு சிறு எடுத்துக்காட்டு. தளத்தின் தலைப்பில் ‘ஆண்டு மலர் கட்டுரைகள்’ என்று இருந்தது. தமிழாய்வுத் துறை அக்கா ஒருவர் பார்த்துவிட்டு, ‘மலர்க் கட்டுரைகள்’ என்று ஒற்று மிக வேண்டும் என்றார். ஒரே ஒரு ‘க்’. அதைச் சேர்க்க அவர் என்ன செய்ய வேண்டியிருந்தது தெரியுமா? ஜாவாவின் சொற்கோப்புகள் அந்நாளில் தமிழெழுத்தை நேராக ஏற்கமாட்டா. ஒரு மாற்றுக் கருவியின் வழியே ஒவ்வொரு குறியீட்டையும் ஆறு குறிகளாக மாற்ற வேண்டும். ‘க்’ என்பதற்குள் ககரமும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், அந்த ஓர் ஒற்றெழுத்து 12 குறிகள் ஆயிற்று. அடுத்து முழு நிரலையும் மறுபடி தொகுத்து, ஒரே பொதியாகக் கட்டி, வழங்கியில் போட்டு, வழங்கியை நிறுத்தித் தொடக்க வேண்டும். பிறகு மீண்டும் உள்நுழைந்து, நாலு பக்கம் சொடுக்கி, அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வாங்கி வைத்த தே தாரிக் ஆறிப்போகும். அதற்குள் அடுத்த பிழை கண்ணில் படும். யார்தான் தங்குவார்கள்? (சொற்கோப்புகளை யூனிகோடில் நேராக எழுதலாம் என்ற நிலை 2017இல் ஜாவா 9 வந்த பிறகுதான் இயல்பாயிற்று.)

ஏன் இந்த மறுதொடக்கம்? ஜாவாவில் ஒரு வகுப்பை நினைவகத்தில் ஏற்றுவதற்கு வகுப்பேற்றி என்றொரு பகுதி உண்டு. அது ஒருமுறை ஏற்றிய வகுப்பை மீண்டும் புதிதாக ஏற்றாது. 2002இல் வந்த ஜாவா 1.4 ஓரளவு வழிவிட்டது. செயற்கூற்றின் உள்ளடக்கத்தை மட்டும் ஓடும்போதே மாற்றலாம். புதிய செயற்கூறு ஒன்றைச் சேர்த்தால் பழைய கதைதான். டாம்கேட் முழுச் செயலியையும் புதிய வகுப்பேற்றியில் மறு ஏற்றம் செய்யும். ஆனால் எங்காவது ஒரு நூலிழை பழைய வகுப்பேற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது நினைவகத்தை விட்டுப் போகாது. பத்துப் பதினைந்து முறை மறு ஏற்றம் செய்தால் நினைவகம் நிரம்பி வழங்கியே படுத்துவிடும்.

இரண்டும் ஒரே நோய்

பல ஆண்டுகள் இவை இரண்டும் வெவ்வேறு தொல்லைகள் என்றே நினைத்திருந்தேன். ஒன்று வாசகரைப் பாதிப்பது, மற்றது நிரலாளரைப் பாதிப்பது. இன்று என் கருத்து வேறு. இரண்டுக்கும் வேர் ஒன்றே: வெளியே சொல்ல வேண்டியதை வழங்கியின் நினைவுக்குள் ஒளித்துவைப்பது.

யோசித்துப் பாருங்கள். ‘2006ஆம் ஆண்டு மலர், 14ஆம் கட்டுரை’ என்பதை முகவரியே சொல்லிவிட்டால், வழங்கி எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. நினைவில் ஒன்றும் இல்லாவிட்டால், நிரலை மாற்றும்போது இழப்பதற்கும் ஒன்றும் இல்லை. நிரலைத் திருத்தி உலாவியைப் புதுப்பித்தால் அதே பக்கத்தில் நிற்போம். நாலு பக்கம் சொடுக்கிப் போக வேண்டியதில்லை. தூய முகவரி இல்லாத இடத்தில் உடனடி மறு ஏற்றம் கிடைத்தாலும் அது பாதிப் பயன்தான்.

இதை முதலில் உரக்கச் சொன்னது ஜாவா உலகம் அல்ல. 2004இல் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸ் சட்டகத்தில், கோப்பைச் சேமித்து உலாவியைப் புதுப்பித்தால் மாற்றம் தெரிந்தது. ஜாவாக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பொறாமைப்பட்டார்கள், கடைசியில் கற்றுக்கொண்டார்கள். 2007இல் எஸ்டோனியாவிலிருந்து ஜாவாரெபெல் என்னும் கருவி வந்தது. 2008 இறுதியில் வந்த டேப்பஸ்ட்ரி 5, பக்கங்களின் வகுப்புகளுக்கெனத் தனி வகுப்பேற்றி வைத்துக்கொண்டு, மாறியவற்றை மட்டும் மறு ஏற்றம் செய்தது.

2009ஆம் ஆண்டைத் திருப்புமுனை என்பேன். அவ்வாண்டு வந்த ஜாவாசர்வர் ஃபேசஸ் 2.0, பக்கத்தின் விவரத்தை முகவரியிலேயே தர வழிசெய்தது. சர்வ்லெட் 3.0, முகவரியில் அடையாள எண் ஒட்டுவதை அமைப்பிலேயே நிறுத்த இடமளித்தது. ஸ்பிரிங் 3.0, முகவரியின் துண்டுகளை நேராக நிரலுக்குள் வாங்கித் தந்தது. பிரான்சில் பிறந்த பிளே சட்டகமோ இன்னும் ஒருபடி மேலே போய், வழங்கியில் பயனர் நினைவே வேண்டாம் என்றது. தளத்தின் முகவரிகள் யாவும் ஒரே கோப்பில் வரிக்கு ஒன்றாக நின்றன. நிரலைச் சேமித்தால் அதுவே தொகுத்துக்கொண்டது. பிழை இருந்தால் எந்தக் கோப்பில் எந்த வரி என்று உலாவியிலேயே காட்டியது. முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. நின்றுபோன அந்த மூவரின் முகந்தான் நினைவுக்கு வந்தது.

பின்னர் 2015இல் ஸ்பிரிங் பூட்டுக்கு மேம்பாட்டுக் கருவித்தொகுதி வந்தது. மாறாத நூலகங்களுக்கு ஒரு வகுப்பேற்றி, நாம் எழுதும் நிரலுக்கு ஒன்று; இரண்டாவதை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கும். 2019இல் வந்த குவார்கஸ் இதைத் தன் இயல்பாகவே வைத்துக்கொண்டது. ஆக, இன்று கருவி இல்லை என்ற சாக்கு யாருக்கும் இல்லை.

மறுப்புகளுக்கு மறுமொழி

“காத்திருக்க வேண்டும் என்ற பயம் இருந்தால்தான் மாணவன் யோசித்து எழுதுவான், உடனே தெரிந்தால் குருட்டாம்போக்கில் மாற்றிக்கொண்டே இருப்பான்” என்று என் மூத்த நண்பர் ஒருவர் வாதிடுவார். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பயம் வந்தவர்கள் யோசிப்பதைவிட விலகிப் போவதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பானை வனைபவர் கைபட்டவுடன் களிமண் அசைவதைப் பார்த்துத்தானே கற்கிறார்? ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: உடனடி மறு ஏற்றம் பட்டறைக்குரியது. மக்கள் பயன்படுத்தும் வழங்கியில் அதற்கு இடமில்லை.

“இந்தக் காலத்தில் யார் முகவரியைப் படிக்கிறார்கள்? தேடினால் வந்துவிடும், இல்லையென்றால் கியூஆர் குறியை வருடினால் போயிற்று” என்பது இன்னொரு மறுப்பு. தேடுபொறியும் கடைசியில் ஒரு முகவரிக்குத்தான் அழைத்துப்போகும். கியூஆர் குறி என்பது முகவரிக்குப் போட்ட வேறு சட்டை; உள்ளே இருப்பது செத்திருந்தால் சட்டை என்ன செய்யும்? ஆய்வேட்டில், வாட்ஸ்அப் செய்தியில், இந்த மலரில் என்று நாம் ஒருமுறை வெளியே கொடுத்துவிட்ட முகவரி நம் கையில் இல்லை. அச்சில் போனதைத் திரும்ப அழைக்க முடியாது. உலகளாவிய வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ் லீ 1998லேயே நல்ல முகவரி மாறாது என்று வலியுறுத்தி ஒரு கட்டுரை எழுதினார். நிலைக்காதவை எவையோ, அதாவது எழுதியவர் பெயர், தலைப்பு வகை, கோப்பின் பின்னொட்டு, பயன்படுத்திய மென்பொருளின் அடையாளம், அவற்றையெல்லாம் முகவரியிலிருந்து நீக்கச் சொன்னார். ஒன்று உருவான காலம் மாறாது என்பதும் அதில் இருக்கிறது.

தமிழில் முகவரி வைக்கலாமா?

கழகத்தில் இதைக் கேட்காமல் விடமாட்டீர்கள். வைக்கலாம். சிங்கப்பூருக்குத் தமிழெழுத்திலேயே ‘.சிங்கப்பூர்’ என்ற உயர்நிலைப் பெயர் 2011 முதல் உண்டு. ஆனால் விலையையும் அறிந்துகொள்ளுங்கள். ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்கு ஐந்து குறியீடு. ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. முகவரியில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாகும். ஆக 45 எழுத்துகள்! உலாவி அழகாகக் காட்டினாலும், வெட்டி ஒட்டும்போது பல நேரங்களில் அந்த 45தான் வெளியே வரும். டாம்கேட்டும் 2014இல் வந்த 8ஆம் பதிப்புக்கு முன்பு, நாமாக அமைத்தாலன்றி, முகவரியிலுள்ள தமிழைச் சரியாகப் படிக்காது.

என் கருத்து இதுதான்: நிலையான முகவரி சுருக்கமாக ஆண்டும் எண்ணுமாக இருக்கட்டும். ‘மலர், 2006, 14’ என்ற மூன்று துண்டு போதும். அதன் பின்னே தமிழ்த் தலைப்பை அலங்காரமாகச் சேர்க்கலாம். அது விடுபட்டாலும் தவறாக வந்தாலும் பக்கம் திறக்க வேண்டும். தமிழ்ப் பற்றைக் காட்டச் சிறந்த வழி, தமிழில் எழுதியதைத் தொலையாமல் காப்பது.

செயலவைக்கு மூன்று வேண்டுகோள்

தளத்தைப் புதிதாகக் கட்டப்போவதாகக் கேள்விப்பட்டேன். முதலாவது, நிரல் எழுதும் முன்பே முகவரிகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதுங்கள். சட்டகம் மாறினாலும் அந்தத் தாள் மாறக்கூடாது. இரண்டாவது, தமிழாய்வுத் துறை மாணவர் ஒருவரை உட்காரவைத்து ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தச் சொல்லுங்கள். சில நொடிகளில் அவர் கண்முன் மாற்றம் தெரியவில்லையென்றால் கருவியை மாற்றுங்கள். மூன்றாவது, தவிர்க்கவே முடியாமல் பக்கங்களை இடம் மாற்றினால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய இடத்துக்கு அனுப்பும் நிரந்தரத் திசைமாற்றத்தை எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போங்கள். பொறுப்பு ஆண்டுதோறும் கைமாறும் கழகத்துக்கு இது மிக முக்கியம்.

பாட்டியின் பேட்டி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். வீட்டிலிருந்த மூன்று பழைய குறுந்தட்டுகளில் இரண்டு படிக்கவே முடியவில்லை. மூன்றாவதில் கட்டுரையின் எழுத்து வடிவம் கிடைத்தது, ஒளிப்படங்கள் கிடைக்கவில்லை. அந்தத் தங்கைக்கு அனுப்பிவைத்தேன். விடியற்காலை நான்கு மணிக்குத் தோட்டத்தில் தண்டு அடிக்கும் ஓசையைப் பாட்டி விவரித்த இடத்தைப் படித்துவிட்டு அழுததாகச் சொன்னார். புதிய தளத்தில் அந்தப் பேட்டிக்கு ஓர் இடம் கொடுங்கள். அதன் முகவரியை அடுத்த மலரில் ஒரே வரியில் அச்சிடுங்கள். அது அங்கேயே இருக்கட்டும்.