பழைய லாரிக்கு பவர் ஸ்டியரிங் எதற்கு?

எங்கள் தெருப் பையன் ஒருவன், தாத்தா ஓட்டிய டாடா 1210 லாரியை விற்க மனசு வராமல் தூசு தட்டி வெளியே எடுத்திருக்கிறான். ஒரு காலத்தில் ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடு ஏற்றி வந்த வண்டி. எனக்கும் சந்தோஷம்தான். போன வாரம் வந்து, "தாத்தா, ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்குது, ரோட்டுல ஒரு பக்கமா இழுக்குது. பவர் ஸ்டியரிங் மாட்டிட்டா எல்லாம் சரியாயிடும்னு மேஸ்திரி சொல்றாரு" என்றான். வயசானவன் சத்தம் போடக் கூடாது என்பார்கள். போட்டேன்.

கீல் தேய்ந்த கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் மாட்டுகிற வேலை இது. லாரியின் முன் ஆக்ஸிலுக்குக் கீல்தான் கிங்பின். இரண்டு முனையிலும் ஒவ்வொன்று நிற்கும். ஸ்டப் ஆக்ஸில் அதைச் சுற்றித்தான் திரும்பும். மேலே ஒரு புஷ், கீழே ஒரு புஷ், பாரம் தாங்க ஒரு த்ரஸ்ட் பேரிங். சேறும் தண்ணீரும் புகுந்து கிரீஸ் போய்விட்டால் பேரிங் காய்ந்து ஸ்டியரிங் கல்லாகும். புஷ் தேய்ந்தால் சக்கரம் ஆடும், டயர் ஒரு ஓரமாகத் தின்னும். அந்த ஆட்டத்தை டிரைவருக்குச் சொல்வது அவன் கைதான். பவர் ஸ்டியரிங் போட்டால் கைக்கு வரும் அந்தச் சேதி பாதியிலேயே நின்றுவிடும். ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கும்.

ஆனால் ஓனர்களுக்கு இதுதான் பிடிக்கிறது. பவர் ஸ்டியரிங் என்றால் நாலு பேரிடம் காட்டலாம். கிங்பின் மாற்றியதை யாரிடம் காட்டுவது? எஃப்.சி.க்கு முந்தின நாள் கிரீஸ் கன்னால் நாலு அழுத்து அழுத்தினால் அன்றைக்கு ஆட்டம் அடங்கின மாதிரி இருக்கும், அது போதும் அவர்களுக்கு. அரசாங்கமும் வயசைத்தான் கேட்கிறது. 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவைப் புதுப்பிப்பதில்லை. வயசுக்கு ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால் போதும். கிங்பின்னுக்கு ஜாக்கி போட்டுக் குனிய வேண்டும்.

குனிவது ஒன்றும் கஷ்டமில்லை. ஆக்ஸிலுக்கு ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தூக்குங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் கிங்பின். இடம் வலமாகப் பிடித்து ஆட்டினால் ஆடுவது டை ராட் எண்டாக இருக்கும். இந்தப் பரிசோதனைக்குக் காலணா செலவில்லை.

நான் இவ்வளவு கோபப்படுவதற்குக் காரணம் உண்டு. டிப்போவில் ஃபிட்டராகச் சேருவதற்கு முன் ஒரு தனியார் ஷெட்டில் வேலை பார்த்தேன். பலா சீசன். ஒரு லாரிக்கு இடது கிங்பின் நன்றாகத் தேய்ந்திருந்தது. "இந்த சீசன் ஓடட்டும்யா" என்றார் ஓனர். புஷ்ஷுக்குள் பித்தளைத் தகடு வைத்து இறுக்கிக் கொடுத்தேன். நான்தான் வைத்தேன், இந்தக் கையால். இரண்டு தடவை டிரைவர் வந்து, "அண்ணே, வண்டி இழுக்குது" என்றார். கிரீஸ் அடித்து அனுப்பினேன். ஜமுனாமரத்தூரில் பலாப்பழம் ஏற்றி, காவலூர் தாண்டி ஆலங்காயத்துக்கு இறங்கும்போது ஒரு பள்ளத்தில் விழுந்து சக்கரம் உதற ஆரம்பித்தது. வளைவில் பிடிக்க முடியாமல் சிறுபாலச் சுவரில் மோதி நின்றது. கிளீனர் பையனுக்குக் கணுக்கால் நசுங்கிவிட்டது. டிரைவர் குடித்திருந்தார் என்று ஊரே பேசியது. அவர் டீ தவிர எதுவும் தொடாதவர். தகடு விஷயம் தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் ஓனர், இன்னொருவன் நான். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவருக்கு ஒடுகத்தூரில் யாரும் வண்டி கொடுக்கவில்லை.

டிப்போவில்தான் முறையாகக் கற்றேன். ஒரு பக்கம் தேய்ந்தாலும் இரண்டு பக்கமும் செட்டாக மாற்ற வேண்டும். புது புஷ்ஷை அடித்து இறக்கியதோடு வேலை முடியாது. மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்க்கோட்டில் வர நீள ரீமர் விட்டுக் கடைய வேண்டும். பின் கை அழுத்தத்துக்கு இறங்க வேண்டும், சுத்தியல் கேட்டால் தப்பு. ஆக்ஸில் கண்ணே தேய்ந்திருந்தால் புதுப் பின்னும் ஆடும், அதையும் பார்க்க வேண்டும். ஷிம் வைத்து மேல் கீழ் ஆட்டத்தை எடுத்து, கடைசியில் டோ-இன் பார்க்க வேண்டும். கிரீஸ் அடிப்பதைச் சக்கரத்தைத் தூக்கி வைத்து அடித்தால்தான் பாரம் விழும் இடத்துக்குப் போய்ச் சேரும். இதைக்கூட இன்று பாதிப் பேர் செய்வதில்லை.

ஜாம்ஷெட்பூரில் 1954இல் டெய்ம்லர்-பென்ஸோடு சேர்ந்து லாரி கட்ட ஆரம்பித்தார்கள். 1969இல் கூட்டு முடிந்த பிறகும் அந்த வழியில் வந்த வண்டிகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. தேய்கிற சாமானைக் கழற்றி மாற்றலாம் என்று யோசித்துச் செய்த வண்டிகள் அவை.

பையன் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். நேற்று வேலூர் போய் கிங்பின் செட்டும் டை ராட் எண்டும் வாங்கி வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறோம். ரீமர் என்னிடம் இருக்கிறது, எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.